ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி

வீடு இன்னும் விலைபோகவில்லை.
அதனால் மேல்மாடி எனக்கு,
கீழ்த்தளம் சினிக்காவுக்கு.
நடுவில் பதினொரு படிகள்.
குளிர்காலம் முடியும் மட்டும் என்று பேச்சு.
கயானியில் குளிர்காலம்
ஏப்ரலிலும் வாசலில் நிற்கும்.

கணினி என் பங்குக்கு வந்தது.
தொலைக்காட்சியும் அதன் கீழிருக்கும்
கறுப்பு கேம் கன்சோலும் அவள் பங்குக்கு.
படங்களெல்லாம் என் வட்டில்,
பார்க்கிற திரை அவளிடம்.
பூட்டு ஒரு வீட்டில், சாவி ஒரு வீட்டில்.

நவம்பரில் படிக்கட்டின் அடியில் நின்று கேட்டாள்:
"வயர் இழுக்கணுமா?"
"வேண்டாம், காற்றிலேயே வரும்."
அந்த மாதம் நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

சர்வர் ஒன்றை நிறுவினேன்.
எந்த ஃபோல்டர் என்று அது கேட்டபோது
சோம்பலில்
எல்லாவற்றையும் என்றேன்.
கீழே அவள் ரிமோட்டை அழுத்தித் தேட
டைஸ்டோ-மேல்மாடி என்ற பெயரில்
பட்டியலில் நான் தெரிந்தேன்.

சில ஃபைல்களைக் கன்சோல் விழுங்காது.
மென்று ஊட்ட வேண்டும்.
அப்போது என் கணினியின் விசிறி இரையும்.
அந்த இரைச்சலை வைத்தே
அவள் பார்ப்பது பழைய படமா புதியதா
என்று சொல்லிவிடுவேன்.

அரைமணி நேரம் யாரும் தொடாவிட்டால்
கணினி தூங்கிப்போகும்.
கீழே படம் உறையும்.
துடைப்பக் கட்டையால் கூரையை இரண்டு தட்டுத் தட்டுவாள்.
என் தரைதான் அவள் கூரை.
நான் மவுஸை லேசாக அசைப்பேன்.
அமைப்பில் ஒரு டிக்கை எடுத்தால் தீர்ந்தது.
நான் எடுக்கவில்லை.

சர்வருக்கு ஒரு குறிப்பேடு உண்டு.
யார் வந்தது, எதை எடுத்தது, எங்கே நிறுத்தியது,
மளிகைக் கடைக் கணக்கு மாதிரி எழுதிக்கொண்டே போகும்.
ஜனவரியில் ஓர் இரவு எழுதியது:
0417.
அது படமில்லை. கேமரா தானாக வைத்த எண்.
இரண்டு குளிர்காலங்களுக்கு முன்
உறைந்த ஏரிமேல் நான் எடுத்த வீடியோ.
1:12-இல் நிறுத்தினாள்.
பின்னால் ஓட்டினாள். 1:05.
மறுபடி 1:12.
ஒன்பது முறை.
பிறகு நெடுநேரம் அதே விநாடியில் உறைய வைத்திருந்தாள்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு
நானும் அதே விநாடி வரை போனேன்.
வெள்ளைப் பனி. அவள் மூச்சின் புகை.
குனிந்து துளை போடுகிறாள்.
என் நிழல் நீண்டு வந்து
அவள் பூட்ஸைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

நிழல்தான், என்று முடிவு செய்தேன்.
விடியும்வரை தூங்கவில்லை.
சொல்ல வேண்டியதை நான்கு வாக்கியமாக்கி
மூன்றை அடித்து
மீந்ததை மனப்பாடம் செய்தேன்.

காலையில் சமையலறை மேசையில்
பங்குப் பட்டியல்.
கடைசி வரி புது மையில்:
"பனி துளைக்கும் கருவி என்னுடையது.
கைப்பிடியில் என் அப்பா பெயர் செதுக்கியிருக்கிறது.
ஆதாரம்: 0417, ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி."

சிரித்தேன்.
காபி மூக்கில் ஏறுமளவு.
கொட்டகையிலிருந்து கருவியை எடுத்து வந்து
கடைசிப் படியில் சாய்த்து வைத்தேன்.
ஒட்டியிருந்த பனி உருகி
மத்தியானம் வரை சொட்டியது.
மாலையில் அது அங்கே இல்லை.
ஈரத்தையும் துடைத்திருந்தாள்.

வழக்கு முடிந்ததென்றிருந்தேன்.
இரவு ஒன்பதரைக்குக் குறிப்பேடு எழுதியது:
0417.
1:12 தாண்டியது.
1:13.
1:40.
விசிறி இரையவில்லை. சின்ன ஃபைல், மெல்லத் தேவையில்லை.

மொத்தம் மூன்று நிமிடச் சொச்சம் அது.
மிச்சத்தில் என்ன இருக்கிறது
என்று எனக்கு நினைவில்லை.
ஹெட்போன் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது.
எடுக்கவில்லை.
யாரும் தட்டவில்லை.
இருந்தும் மவுஸை
அவ்வப்போது
அசைத்துக்கொண்டிருந்தேன்.